குத்தல் கேட்காத காது

துணி தேய்க்க அந்தத் தெருவில் வேறு கடையே இல்லையா என்றால், இருந்தது. ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. அங்கெல்லாம் போனால் "வாங்க சார், உட்காருங்க சார்" என்பார்கள், மின்விசிறியைத் திருப்பி வைப்பார்கள். இருந்தும் ஜனங்கள் அந்த இரண்டையும் தாண்டி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த இந்தக் கடைக்குத்தான் வந்தார்கள். இங்கே மடிப்பு கலையாமல் துணி கிடைக்கும். கூடவே கொசுறாகத் திட்டும் கிடைக்கும்.

மடிப்புக்குப் பொறுப்பு உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் நிற்கும் இஸ்திரிக்காரர். திட்டுக்குப் பொறுப்பு வாசல் மேஜையில் உட்கார்ந்து துணியை எண்ணி வாங்கும் அவர் மனைவி. பெற்றவர்கள் ஏதோ ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். தெரு அதை என்றைக்கோ மறந்துவிட்டு ஊசியக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "கடப்பாரைன்னு வைக்காம விட்டீங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்றதோடு சரி.

கசங்கிய சட்டையோடு ஒருவர் வந்து நின்றால், "என்ன சார், மாடு மென்னு துப்பினதும் நேரா இங்க கொண்டாந்துட்டீங்களா?" என்பாள். அவசரம் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது. "அப்படியா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க துணி எடுக்கறதுக்கு முன்னாலயே தேய்ச்சு வச்சிருப்போமே." வாங்கிக் கட்டிக்கொண்டவர் சிரித்துக்கொண்டே போவார். மறுநாள் அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லி, அந்த நாலு பேரையும் துணியோடு அனுப்பி வைப்பார். மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்கள், என்ன செய்வது.

கல்யாணமே ஒரு குத்தலில் தொடங்கியதுதான். அப்போது அவள் பக்கத்துத் தெருப் பெண். தம்பியின் வெள்ளைச் சட்டையை வாங்கிப் போக வந்தவள், சட்டை முதுகில் இஸ்திரிப் பெட்டி பதிந்த பழுப்புத் தடத்தைப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு. பூ போட்டதுக்குத் தனியா கூலி தரணுமா?" என்றாள். வேறொருவனாக இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பான். இவர் பெட்டியைக் கீழே வைக்காமலே, "வேண்டாங்க, முதல் பூ இலவசம்" என்றார். அவள் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். அடுத்த வாரம் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு கம்பளிப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பிறகு நடந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

அவளுக்கு ஒரு குறை உண்டு. நேராகப் பேச வராது. மனசுக்குள் எவ்வளவு நேராகப் புறப்பட்ட வாக்கியமும் நாக்கு நுனிக்கு வருவதற்குள் கோணிவிடும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, "மகாராஜா படுத்துட்டாங்க, இனிமே கடையையும் நானே பாத்துக்கறேன், ராஜ்யத்தையும் நானே பாத்துக்கறேன்" என்பாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "ராஜ்யம் தப்பிச்சது" என்பார். அதைக் கேட்டால்தான் அவளுக்குக் காய்ச்சல் இறங்குகிறது என்று நம்பிக்கை வரும். அக்கம்பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் பயந்துபோய்ச் சமாதானம் செய்துவைக்க வருவார்கள். இரண்டாம் வாரம் தாங்களும் துணி எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்த வீட்டில் வளர்ந்த ஒரே மகள் கல்யாணமாகிப் போன பிறகுதான், 'நல்லா இருக்கு' என்று சொன்னால் நல்லா இருக்கு என்றே அர்த்தம் கொள்ளும் குடும்பங்களும் உலகத்தில் உண்டு என்று தெரிந்துகொண்டாள்.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில், ஒரு நாள் காலை இஸ்திரிக்காரர் சட்டைக் கழுத்துப்பட்டியைப் பிடித்திருந்த இடது கை திடீரென்று தன் கை இல்லை என்பதுபோல் தொங்கிப்போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு, சின்னதுதான், சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று என்றார்கள். கை மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சுக் குழறவில்லை. ஆளையெல்லாம் அடையாளம் தெரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் கண்ட 'எல்லாம்' அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் அவரை இறக்கியதும் ஊசியக்கா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வழக்கம்போல, "வாங்க வாங்க, சிவப்புக் கம்பளம் விரிக்கச் சொல்லவா?" என்றாள்.

"வேண்டாம். கால் தடுக்கும்" என்றார்.

அவள் சிரித்தாள். மனுஷன் பழைய ஆளாகத்தான் வந்திருக்கிறார் என்று மகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். குரல் மட்டும் கொஞ்சம் தட்டையாக இருந்தது. படுத்துக் கிடந்தவருக்குக் குரல் எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது உப்பில்லை என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர். அதைப் போய் இவளிடம் சொன்னால்? "அப்படியா, இன்னும் ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டுக்கங்க. ரத்தக்கொதிப்பு ரொம்பக் கம்மியா இருக்கு பாருங்க" என்றாள். அவர் டப்பாவைத் திறந்து, இரண்டு ஸ்பூன் உப்பை அளந்து போட்டுப் பிசைந்தார். அவள் பாய்ந்து தட்டைப் பிடுங்குவதற்குள் ஒரு வாய் உள்ளே போய்விட்டது.

"என்ன இது, வேணும்னே பண்றீங்களா?"

"நீதானே போட்டுக்கச் சொன்ன" என்றார். முகத்தில் குறும்பும் இல்லை, கோபமும் இல்லை. கைகழுவும் தொட்டி முகத்தில் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கவனிக்க ஆரம்பித்தாள். தேய்க்கும்போது கேட்பாரே, அந்த ரேடியோவை இப்போது போட்டால் அணைக்கச் சொன்னார். "பாடறவன் செய்தி படிக்கிற மாதிரியே படிக்கிறான். எதுக்கு இழுத்து இழுத்துப் படிக்கணும்?" என்றார். வாடிக்கையாளர் ஒருவர் கடையில் நின்று கத்தினால், சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு, "சரி, மத்தியானம் வாங்க" என்று மென்மையாகப் பதில் சொன்னார். கத்தியவர் குழம்பிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். இது ஒன்றுதான் அந்த வியாதியால் கடைக்கு நேர்ந்த லாபம்.

மகள் வந்து பார்த்துவிட்டுக் காது மந்தம் என்று தீர்ப்புச் சொன்னாள். படித்த பிள்ளை அல்லவா. காது பரிசோதிக்கும் இடத்தில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, மாட்டிய கருவியில் விதவிதமாகச் சத்தம் விட்டார்கள். வெளியே வந்த பரிசோதகர், இந்த வயதில் இப்படி ஒரு காதைப் பார்த்ததில்லை என்றார்.

"அப்ப அதையாவது கழட்டி வித்துடலாம்" என்றாள் ஊசியக்கா.

"விக்க முடியுமா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர். பரிசோதகர் சிரித்தார். அவர் மட்டும் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த நிமிஷம்தான் இது காது சமாசாரம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

நரம்பு டாக்டர் அவரைச் சில வாக்கியங்கள் கேட்கச் சொன்னார். ஒரே வாக்கியத்தைக் கோபமாக ஒரு தடவை, அழுகையாக ஒரு தடவை, கேலியாக ஒரு தடவை பதிவுசெய்து வைத்திருந்தார்கள். மூன்றையும் கேட்டுவிட்டு இஸ்திரிக்காரர், "ஒரே ஆள் ஒரே விஷயத்தை எதுக்கு மூணு தடவை சொல்றாரு?" என்றார்.

டாக்டர் அவளைப் பார்த்துத் திரும்பினார். "அடைப்பு வந்தது மூளைக்கு வலது பக்கம்மா. குரல்ல இருக்கற ஏத்த இறக்கம் பெரும்பாலும் அங்கதான் புரியும். இப்ப வார்த்தை அவருக்குப் போய்ச் சேருது. எப்படிச் சொன்னீங்கங்கறது போய்ச் சேரல. கோவமா, கேலியா, கொஞ்சலா, எதுவும் தெரியாது. அவர் பேசறதும் தட்டையாத்தான் வரும்."

"காது நல்லா இருக்குன்னாங்களே."

"காது வாசல்தாம்மா. உள்ள இருக்கறவர் எழுந்து வந்து கதவைத் திறக்கணும்ல?"

"எழுப்ப முடியாதா?"

"கொஞ்சம் கொஞ்சமா வரலாம். வராமலும் போகலாம். வயசும் ஆச்சு. வயசானா எல்லாருக்குமே இது கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அதனால அவர்கிட்ட எதையும் நேரா பேசுங்க. மனசுல என்ன இருக்கோ அதையே வார்த்தையா சொல்லுங்க. இப்போதைக்கு வைத்தியம் அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட மணியை அடித்தார். பாவம், யாரிடம் என்ன வைத்தியம் சொல்லியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. மாத்திரை எழுதியிருந்தால் ஊசியக்கா மூன்று வேளையும் தவறாமல் கொடுத்திருப்பாள். மனசில் இருப்பதையே வார்த்தையாகச் சொல்லு என்றால் அவள் எந்தக் கடையில் போய் வாங்குவாள்?

முயற்சி செய்யாமல் இல்லை. மறுநாள் காலை காபியை நீட்டி, "இந்தாங்க, குடிங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீடே ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அவர் குடித்துவிட்டு, "நன்றி" என்றார். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளே போய்ப் பாத்திரங்களோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

கடையில் அவர் மறுபடியும் பெட்டியைப் பிடிக்க ஆரம்பித்தார். தண்ணீர் தெளிப்பதும், மடிப்பைப் பிடிப்பதும், துணியின் ஓரத்தில் கோத்த அடையாளத் துண்டைப் பார்த்துப் பிரித்து அடுக்குவதும் கைக்கு மறக்கவில்லை. இடது கை மட்டும் சில சமயம் துணியை இழுக்க ஒரு நொடி தாமதிக்கும். அப்படித் தாமதித்த ஒரு நொடியில்தான் தெருக்கோடி வக்கீலின் வெள்ளைச் சட்டை வலது மணிக்கட்டுப் பட்டியில் லேசாகக் கருகியது. பெட்டியின் மூக்கு பதிந்த அளவுதான்.

வக்கீல் வந்தபோது ஊசியக்கா பின்கட்டில் குழாயடியில் இருந்தாள். வக்கீல் சட்டையை விரித்துப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கடையில் வருஷக்கணக்காகத் திட்டு வாங்கிப் பழக்கம், அதனால் கொஞ்சம் பாஷை வந்திருந்தது. "பலே. ஒரு கையில மட்டும் போட்டுட்டு விட்டுட்டீங்களே. அந்தக் கையிலயும் ஒண்ணு போட்டு வைங்க, ஜோடியா இருக்கட்டும். சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்று சட்டையை மேஜையில் எறிந்துவிட்டுப் போனார்.

ஊசியக்கா குழாயடியிலிருந்து திரும்பியபோது, அவள் புருஷன் அளவு நாடாவை வைத்து, வலது பட்டியில் இருந்த கறை ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதே தூரத்தில் இடது பட்டியில் பெட்டியின் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மெல்லிய புகை வந்தது. எடுத்துப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சாக இருந்தது. "வக்கீல் கேட்டாரு" என்றார்.

சாயங்காலம் வந்த வக்கீல் சட்டையின் இரண்டு பட்டிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரருக்கு என்மேல என்னம்மா கோவம்?" என்று கடைசியில் கேட்டார்.

"நீங்க கேட்டதைத்தானே செஞ்சாரு? வார்த்தையை மாத்திப் பேசறதுக்கு இது என்ன கோர்ட்டா?" என்று புருஷனை விட்டுக்கொடுக்காமல் அடித்துப் பேசி, புதுச் சட்டைக்குத் துணி எடுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள். வக்கீல் தலை மறைந்ததும் உள்ளே திரும்பினாள். பயந்த மாதங்களெல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் வந்தது.

"போதும். நீங்க பண்ற உபகாரம் போதும். நாளைக்கே கிளம்பி மக வீட்டுக்குப் போங்க. அங்கயே சுகமா இருங்க. நானாவது இங்க நிம்மதியா இருப்பேன்."

"சரி" என்றார் அவர்.

காலையில் பார்த்தால், பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் தேய்த்து மடித்தவை. ஊசியக்கா கதவோரம் நின்று பார்த்தாள். கோபித்துக்கொண்டு கிளம்புகிற நாடகத்தை அவர் முன்பும் ஆடியிருக்கிறார். ஒரு தடவை வெறும் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய், அதில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர். "ஓஹோ, பயணமா? ஊரையே கூட்டி வழியனுப்பவா?" என்று மெல்லக் கொக்கியைப் போட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம். எல்லாருக்கும் வேலை இருக்கும்."

அவள் நெஞ்சு குதித்தது. இது அவர்தான். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொல்வாரே, அதே பதில். வந்துவிட்டார், உள்ளே தூங்கியவர் எழுந்துவிட்டார். சந்தோஷம் தாங்காமல் ஒரு டப்பாவில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து நீட்டினாள். "மக வீட்டு விருந்துக்கு முன்னால இதெல்லாம் எங்க தொண்டையில இறங்கப் போகுது?"

"பஸ்ல சாப்பிட்டுக்கறேன்" என்றார்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். சிரித்து முடித்து வெளியே வந்தபோது ஆள் இல்லை. தெருமுனைவரை போயிருப்பார், வரட்டும், என்ன காய் வாங்கி வருகிறார் பார்க்கலாம் என்று துணியை எண்ண உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் தனக்கு வேண்டியதைக் கேட்கும்போது எந்தக் காதுதான் டாக்டர் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறது?

மத்தியானம் மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பா இங்க வந்திருக்கார். நீ போகச் சொன்னியாமே? மனுஷன் உடம்பு சரியில்லாம இருக்கும்போது தண்ணி தெளிச்சு விட்டுட்டியா?"

"தண்ணி தெளிக்கறது நம்ம தொழிலாச்சேடி" என்றாள் ஊசியக்கா. வாய்தான் சொன்னது. கை எண்ணிய துணியைத் தள்ளி வைத்தது. "போனை அவர்கிட்ட குடு."

போன் கை மாறியது. வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். "என்ன, அங்க ராஜ உபசாரமா? அப்படியே தங்கிடுங்களேன், எதுக்கு வீணா திரும்பி வந்துக்கிட்டு?" என்று வந்தது.

"சரி" என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. ஊசியக்கா பெட்டியைத் தானே பிடித்தாள். சட்டைகள் ஒழுங்காகத்தான் வந்தன. ஆனால் வாசல் மேஜையில் சத்தமில்லை. மூட்டையைக் கொடுத்தவர்கள் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்று பார்த்தார்கள், அவள் எண்ணிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கொசுறு நின்றுபோனதும் சிலர் மின்விசிறி உள்ள கடைக்கு நகர்ந்தார்கள். இங்கே திட்டியவள் அவர்களைத் திட்டினாளா என்ன? உள்ளே நின்று கேட்டுக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் தலையைக் குனிந்து சிரிப்பாரே ஒருவர், அவருக்காகத் திட்டியது. இது தெரிவதற்கு அவளுக்கு அந்த மேஜை காலியாக வேண்டியிருந்தது.

மகள் மறுபடி போன் செய்தபோது குரல் தணிந்திருந்தது. "அம்மா, அப்பாவ நேத்து கேட்டேன், வீட்டுக்குப் போகணும்னு தோணலியான்னு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'உக்காந்து நெனைச்சுப் பாத்தேன். உங்கம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. போய்த் தொலைங்கன்னுதான் சொல்லியிருக்கா. உங்களைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன்னுதான் சொல்லியிருக்கா. நான் வேணும்னு ஒரு தடவைகூட சொன்னதில்ல. இவ்வளவு நாளா எனக்குத்தான் புரியாம அங்கயே இருந்துட்டேன். பாவம் அவ'ன்னு சொல்றார்மா. அழக்கூட இல்ல. கணக்குச் சொல்ற மாதிரி சொல்றார்."

ஊசியக்கா போனை வைத்தாள். இன்றைய பேச்சு போனால் போகட்டும் என்று இருந்தாள். பழைய பேச்சும் போய்விட்டது. காய்ச்சல் கட்டிலில் சொன்னதும், பிள்ளை பெற்ற அறையில் சொன்னதும், போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற நாளில் சொன்னதும் எல்லாம் சாயம் கழுவிப்போய், வெறும் வார்த்தையாக அவர் தலைக்குள் அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் வசவு. அவளுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது.

அன்று கடையைச் சாத்திவிட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தாள். "நீங்க எனக்கு வேணும்." சொன்னது சரியான வார்த்தைதான். ஆனால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கடைசி எழுத்து மூக்கு வழியாகப் போயிற்று. கேட்டால், ஓட்டைப் பனியனைத் தேய்க்கக் கொண்டுவந்தவனைக் கேட்கிற மாதிரியே இருந்தது. மறுபடி சொன்னாள். இன்னும் மோசம். பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் தெரிந்தவளை, "நீயெல்லாம் ஒரு பொம்பளை" என்றாள். அது மட்டும் நேராக வந்தது.

விளக்கை அணைக்கப் போனவள் கையை விளக்குப் பொத்தானிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ராகம் கோணலாகத்தான் வருகிறது. வரட்டுமே. ராகத்தை யார் கேட்கப் போகிறார்கள்? ஊரே கேட்கும், ஒரு மனுஷனுக்கு மட்டும் கேட்காது.

மகள் வீடு மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் உள்ளே சூடான துணி வாசனை வந்தது. சாப்பாட்டு மேஜையில் போர்வையை விரித்து, பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி முதுகிலெல்லாம் சட்டைகள் தொங்கின. அவளைப் பார்த்து, "வா" என்றார். வேண்டுமென்றால் வா, வேண்டாமென்றால் போ என்பதுபோலத்தான் இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து, வாழ்நாளில் எந்த வாடிக்கையாளருக்கும் கொடுக்காத ராகத்தில் ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்க. நீங்க இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடல. நிம்மதியா இருப்பேன்னு சொன்னேன்ல, நிம்மதியே இல்ல. சாப்பிட்டா இறங்கல, படுத்தா தூக்கம் வரல. உங்களைக் கட்டிக்கிட்டுதான் நான் சுகமா இருந்தேன். எனக்கு நீங்க வேணும். எந்திரிச்சு வந்து சேருங்க வீட்டுக்கு."

மகள் சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். "அம்மா, உனக்கு மனசாட்சியே இல்லையா? இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து இப்படித்தான் குத்துவியா? அவர் உடம்பு இருக்கற நிலைமையில இவ்வளவு எகத்தாளமா?"

"நீ சும்மா இருடி. உனக்குக் காது நல்லாக் கேக்குது, அதான் பிரச்னை."

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். சொன்னதை உள்ளே ஒரு முறை அடுக்கிப் பார்ப்பதுபோல் நின்றார். "நான் வேணுமா?" என்று கேட்டார்.

"வேணும்" என்றாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கண் மட்டும் என்னவோ செய்தது, அதை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

"சரி" என்றார். தேய்த்துக்கொண்டிருந்த சட்டையின் இரண்டு கைகளையும் பின்னுக்கு மடித்து, பொத்தானைப் போட்டு, அடுக்கின் மேலே வைத்துவிட்டுத் தன் பையை எடுக்க உள்ளே போனார். மகள் உள்ளே போனவரையும் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேருக்குமே மூளையில்தான் கோளாறு என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழிவரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு திரும்பினார்.

"இவளே. அப்ப முன்னாடி சொன்னது?"

"எது?"

"போய்த் தொலைங்கன்னு. என்ன சுகத்தைக் கண்டேன்னு. அப்புறம் கண்காணாத இடத்துக்குப் போறேன்னு."

"அதெல்லாம் பொய்."

"எல்லாமேவா?"

"எல்லாமே" என்றாள் ஊசியக்கா. பிழைப்பே அந்த வார்த்தைகள்தான். மொத்தத்தையும் ஒரு சொல்லில் தள்ளுபடி செய்தாயிற்று. வலித்தது, ஆனாலும் செய்தாள்.

அவர் அடுத்த நிறுத்தம் வரும்வரை யோசித்தார். பஸ் நின்று கிளம்பிய பிறகு, "ரொம்ப அழகா பொய் சொல்லியிருக்க" என்றார்.

அவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்தைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். முதல் நாள் கடை மேஜையில் அந்தப் பழுப்புப் பூவைப் பார்த்து அவள் சொன்ன அந்த 'ரொம்ப அழகா'வா இது, வேறேதாவதா? குத்துகிறாரா, பாராட்டுகிறாரா? ஊரில் யார் எந்தத் தொனியில் பேசினாலும் உள்ளர்த்தத்தை உருவி எடுத்துவிடுகிறவளுக்கு, தன் புருஷன் சொன்ன ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. டாக்டர் சொன்ன வைத்தியம் ஞாபகம் வந்தது. நேராகவே கேட்டாள்.

"கிண்டலாச் சொன்னீங்களா, நிஜமாச் சொன்னீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "தெரியல" என்றார்.

அவருடைய இடது கையை, அந்த ஒரு நொடி தாமதிக்கும் கையை, எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள்.

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையை அவளிடமே விட்டிருந்தார்.